நான்கு கோடும் இருந்தது; முறைதான் வரவில்லை

2020-ஆம் ஆண்டு, பள்ளிகள் மூடியிருந்த காலம். அப்போது நான் அரியலூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வரும். நாங்கள் வாட்ஸ்அப் குழுவில் பயிற்சித்தாள் அனுப்புவோம். மாணவர்கள் விடைகளை நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து, இரவு எட்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். எட்டு மணி என்பது நான் வைத்த விதி.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடமிருந்து எட்டு மணிக்குள் ஒருநாளும் விடைத்தாள் வந்ததில்லை. போன் செய்து கேட்டேன்.

“போவ மாட்டேங்குது சார். சுத்திக்கிட்டே நிக்குது.”

“உங்க ஊர்ல டவர் பக்கத்துலதானே இருக்கு? போன்ல எத்தனை கோடு காட்டுது?”

“நாலு கோடும் இருக்கு சார்.”

“நாலு கோடும் இருந்தா எப்படிப் போகாம இருக்கும்? எழுதலைன்னா எழுதலைன்னு சொல்லு. பொய் சொல்லாதே.”

அவள் பதில் பேசவில்லை. அடுத்த நாள் முதல் விடைத்தாளும் வரவில்லை.

2021 ஜனவரி 19 அன்று பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது. அவள் முதல் இரண்டு நாள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா வாசலில் உட்காரவைத்து, “ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்கு எந்திரிச்சு உக்காந்து அனுப்புவா சார். அப்பத்தான் போவுதுன்னு சொல்லுவா. நீங்க திட்டுனதுக்கு அப்புறம் விட்டுட்டா” என்றார்.

என் போனைத் திறந்து பழைய செய்திகளைப் பார்த்தேன். அவள் அனுப்பிய ஒவ்வொரு போட்டோவுக்கும் கீழே நேரம் இருந்தது: அதிகாலை 2.40, 3.05, 2.55. அந்த நேரங்களை அப்போதே பார்த்திருந்தேன். ‘இரவெல்லாம் போன் பார்க்கிறாள்’ என்றுதான் நினைத்தேன். அறிவியல் ஆசிரியரான என் முன்னால் ஒரு பதினைந்து வயதுப் பெண் தெளிவான அளவீடுகளை வைத்திருக்கிறாள். மாலையில் போகாது, அதிகாலையில் போகும். இரண்டு நேரத்திலும் கோடு நான்குதான். இந்தத் தரவைப் படிக்கத் தெரியாமல் அவளைப் பொய் சொல்கிறவள் ஆக்கிவிட்டேன்.

அதன்பிறகுதான் இந்தப் பாடத்தை நான் படித்தேன். இப்போது பணிமாறுதலில் பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை ஒன்றியத்தில், பச்சைமலை அடிவாரத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே ஒன்பதாம் வகுப்பில் இதை இரண்டு செயல்பாடுகளாக நடத்துகிறேன். நடுநிலை வகுப்புகளுக்கும் எளிமைப்படுத்தி நடத்தலாம்.

சிக்னல் கோடு எதைச் சொல்கிறது?

போனில் தெரியும் கோடுகள், கோபுரத்திலிருந்து வரும் ரேடியோ அலை நம் போனை எவ்வளவு ஆற்றலுடன் வந்தடைகிறது என்பதைக் காட்டுகின்றன. எத்தனை கோடு காட்டுவது என்பதைப் போன் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். ஒரே இடத்தில் ஒரு போன் மூன்று கோடும் இன்னொரு போன் நான்கு கோடும் காட்டலாம். எனவே வகுப்புக்குக் கோடு உதவாது, எண் வேண்டும்.

அந்த எண் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் உண்டு. அமைப்புகளில் ‘போன் பற்றி’ என்ற பகுதிக்குப் போய், சிம் நிலை என்பதைத் தொட்டால் சிக்னல் வலிமை என்று மைனஸ் குறியுடன் ஓர் எண் இருக்கும். அலகு டிபிஎம். ஒரு மில்லிவாட் ஆற்றலைச் சுழியம் என்று வைத்துக்கொண்டு அளக்கும் டெசிபெல் அளவு இது.

மாணவர்கள் மடக்கை படித்திருக்க வேண்டியதில்லை. அடுக்குகள் தெரிந்தால் போதும். கரும்பலகையில் இரண்டே விதிகளை எழுதுவேன்.

1. எண் 10 குறைந்தால் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகும்.
2. எண் 3 குறைந்தால் ஆற்றல் ஏறத்தாழ பாதியாகும்.

இதைக் கொண்டு மாணவர்களே கணக்கிடுவார்கள். மைனஸ் 70 டிபிஎம் என்றால் ஒரு மில்லிவாட்டை ஏழு முறை பத்தால் வகுக்க வேண்டும். அதாவது ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்கு. மைனஸ் 100 என்றால் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு. ‘ஆயிரம் கோடியில் ஒரு பங்கை வைத்துக்கொண்டா சார் போன் பேசுது?’ என்று பிள்ளைகள் வியப்பார்கள். அந்த வியப்பு வரும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

4ஜி-யில் மைனஸ் 80-ஐ ஒட்டி இருந்தால் நல்ல சிக்னல், மைனஸ் 110-ஐ நெருங்கினால் பலவீனம் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: 2ஜி-யிலும் 4ஜி-யிலும் இந்த எண் அளக்கப்படும் விதம் வேறு. ஆகவே ஒரே போன், ஒரே சிம், ஒரே வகை வலையமைப்பு என்று வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும்.

செயல்பாடு 1: பள்ளியின் சிக்னல் வரைபடம்

பள்ளிக்கு மாணவர்கள் போன் கொண்டுவரக் கூடாது. எனவே ஆசிரியரின் போன் ஒன்றே போதும். ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் நின்று, மூன்று முறை எண்ணைப் பார்த்துச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் ஒருநாள் கிடைத்தவை:

வகுப்பறை உள்ளே: மைனஸ் 108
தாழ்வாரம்: மைனஸ் 101
மைதானத்தின் கிழக்கு ஓரம்: மைனஸ் 94
மைதானத்தில் மாமரத்தடி: மைனஸ் 97
தகரக் கூரை போட்ட சைக்கிள் நிறுத்தம்: மைனஸ் 110

வகுப்பறைக்கும் மைதான ஓரத்துக்கும் 14 டெசிபெல் வேறுபாடு. 10 குறைந்தால் பத்தில் ஒன்று. மேலும் 4 குறைந்தால் அதில் பாதிக்கும் குறைவு. ஆக, மைதான ஓரத்தில் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்குதான் கான்கிரீட் சுவரைத் தாண்டி வகுப்பறைக்குள் வருகிறது. தகரம் உலோகம் என்பதால் அலையைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பாட்டி வீட்டுத் திண்ணைக்கு வந்து போன் பேசுவது ஏன் என்று இப்போது அவர்களே காரணம் சொல்வார்கள்.

தூரத்தையும் இங்கே சேர்க்கலாம். மறைப்பு இல்லாத வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கில் ஒன்றாகும். அதாவது 6 டெசிபெல் குறையும். ஒளியின் செறிவுக்கு நாம் சொல்லும் தலைகீழ் இருமடி விதியேதான் இது. மரம், வீடு, மேடு பள்ளம் உள்ள நம் ஊர்களில் இதைவிட வேகமாகவே குறையும். எங்கள் ஊரில் மலை மடிப்புக்குள் இருக்கும் தெருக்களில் அடுத்தடுத்த வீடுகளுக்குள்கூட எண் மாறுகிறது.

கோடு மறைத்துவிடும் ஒரு செய்தி

கோபுரம் பேசுவது நம் போனுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதைத்தான் கோடு காட்டுகிறது. நாம் பேசுவது கோபுரத்துக்கு எவ்வளவு கேட்கிறது என்று அது காட்டாது. கோபுரம் பத்துக் கணக்கான வாட் ஆற்றலுடன் அலையை அனுப்பும். சாதாரண 4ஜி போன் அதிகபட்சமாக அனுப்புவது 0.2 வாட். பெரிய ஒலிபெருக்கியில் பேசுகிறவருக்கு, கூட்டத்தின் கடைசியில் நிற்பவர் வாய்விட்டுப் பதில் சொல்வதைப் போன்றது இது. கூட்டத்தில் இருப்பவருக்கு எல்லாம் கேட்கும். மேடையில் இருப்பவருக்குப் பதில் கேட்காது.

வீடியோ பார்ப்பது இறங்குபாதை. வீட்டுப்பாடத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவது ஏறுபாதை. ‘வீடியோ மட்டும் ஓடுது, வீட்டுப்பாடம் மட்டும் போகாதோ?’ என்று கேட்கும் முன் இந்த வேறுபாட்டை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் என் மாணவியின் சிக்கல் இதோடு முடியவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு அதே போனிலிருந்து, அதே இடத்திலிருந்து போட்டோ போயிருக்கிறது. கோபுரமும் போனும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: மாலையில் ஊரே விழித்திருந்தது; அதிகாலையில் ஊர் தூங்கியது. இங்கேதான் இரண்டாவது பாடம் தொடங்குகிறது.

ஒரு பாதை, பல பேர்

ஒரு கோபுரத்திடம் இருக்கும் அலைவரிசை அளவானது. அதைப் பல பேர் பயன்படுத்த வேண்டும். எல்லோரும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசினால் யாருடைய பேச்சும் புரியாது. அதற்கான தீர்வுகளில் ஒன்று, நேரத்தை மிகச் சிறு துண்டுகளாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுப்பது. டைம் டிவிஷன் மல்டிபிளெக்சிங் என்பார்கள். நாம் காலப் பங்கீடு என்று சொல்லலாம். முறைவைத்து ஏரித் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரே வாய்க்கால்தான், இன்னாருக்கு இவ்வளவு நேரம் என்று மடை திறக்கும்.

இந்த எண்ணம் போனைவிடப் பழையது. 1870-களில் பிரான்சைச் சேர்ந்த எமில் போதோ, ஒரே தந்திக் கம்பியைப் பல தந்தி ஊழியர்கள் முறைவைத்துப் பயன்படுத்தும் கருவியை அமைத்தார். சுழலும் தொடுமுனை ஒவ்வொருவருக்கும் ஒரு கணம் கம்பியை இணைத்துக் கொடுக்கும். தன் முறை வரும் கணத்தில் ஊழியர் விசையை அழுத்தியிருக்க வேண்டும்.

பின்னர் தொலைபேசி நிலையங்களுக்கு இடையே இதே முறை வந்தது. இந்தியாவில் பயன்பட்ட அமைப்பில் ஒரு வினாடிக்கு 8,000 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 32 துண்டு. ஒரு துண்டில் 8 பிட். 30 துண்டுகள் பேச்சுக்கு. மீதி இரண்டு, நேரம் பிசகாமல் பார்க்கவும் அழைப்பை இணைக்கவும். பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒருவருடைய பேச்சுக்கு வினாடிக்கு 64,000 பிட், மொத்தம் வினாடிக்கு 20,48,000 பிட். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான், ஆனால் ஒரு தொலைபேசி நிலையமே அதற்குள் இருக்கிறது.

இந்தியாவில் செல்போன் சேவையின் முதல் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. அப்போதைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அந்த ஜிஎஸ்எம் அமைப்பில் ஓர் அலைவரிசை எட்டுத் துண்டுகளாகப் பங்கிடப்படுகிறது. ஒரு துண்டு 0.577 மில்லி வினாடி; எட்டும் சேர்ந்த ஒரு சுற்று 4.615 மில்லி வினாடி. நாம் தொடர்ந்து பேசுவதாக நினைக்கிறோம். உண்மையில் நம் போன் எட்டில் ஒரு பங்கு நேரம்தான் அனுப்புகிறது. நம் பேச்சு சுருக்கப்பட்டு, துண்டு துண்டாகப் போய், மறுமுனையில் மீண்டும் ஒட்டப்படுகிறது.

செயல்பாடு 2: கைதட்டலுக்கு ஒரு சொல்

தேவையானவை: எட்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் எட்டுச் சொற்கள் கொண்ட ஒரு வாக்கியம். எட்டு மாணவர்கள் அனுப்புவோர்; எட்டு மாணவர்கள் பெறுவோர். ஒவ்வோர் அனுப்புவோருக்கும் ஒரு பெறுவோர் இணை.

முதல் சுற்று. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தங்கள் வாக்கியத்தைப் படிக்கட்டும். பெறுவோர் எழுத முயலட்டும். யாராலும் முடியாது. ‘இன்னும் சத்தமாகப் படித்தால்?’ என்று கேளுங்கள். படித்துப் பார்ப்பார்கள், குழப்பம்தான் கூடும்.

இரண்டாம் சுற்று. ஆசிரியர் சீராகக் கைதட்டுகிறார். ஒரு தட்டலுக்கு ஒருவர் ஒரு சொல் மட்டும். எட்டுத் தட்டலில் ஒரு சுற்று. 64 தட்டலில் எட்டு வாக்கியங்களும் முடியும். பெறுவோர் தன் இணையின் முறையில் வரும் சொல்லை மட்டும் எழுத வேண்டும். ஒரே வகுப்பறைக் காற்றில் எட்டு வாக்கியங்களும் ஒன்றோடொன்று கலக்காமல் போய்ச் சேர்ந்துவிடும். இடையில் யாராவது ஒரு தட்டலைத் தவறவிட்டால் எல்லா வாக்கியமும் குழம்பும். அப்போதுதான் ஒத்திசைவு எவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

மூன்றாம் சுற்று. நான்கு பேரின் அட்டையை வாங்கிவிடுங்கள். அவர்கள் முறை வரும்போது மௌனம். பாதித் தட்டல்கள் வீண். ‘பேச ஒன்றும் இல்லாதவரின் முறையைப் பேச இருப்பவருக்குக் கொடுத்தால் என்ன?’ என்று யாராவது கேட்பார்கள். எங்கள் வகுப்பில் கடைசி வரிசைப் பையன் கேட்டான். இன்றைய தரவு வலையமைப்புகள் செய்வது அதைத்தான். 4ஜி-யில் நேரத்தோடு அலைவரிசையும் சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது; எந்தத் துண்டு யாருக்கு என்று கோபுரம் ஒவ்வொரு மில்லி வினாடியும் முடிவு செய்கிறது.

நான்காம் சுற்று மைதானத்தில். ஒரு மாணவரை ஆசிரியரிடமிருந்து 85 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். சொல்லுக்குப் பதில் தட்டும் கரண்டியும் கொடுங்கள். ஆசிரியரும் சத்தம் நன்றாக எட்டும்படி இன்னொரு தட்டை அரை வினாடிக்கு ஒருமுறை அடிக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் கேட்ட உடனே தூரத்து மாணவர் அடிக்க வேண்டும். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். தட்டொலி அவரை அடையக் கால் வினாடி. அவருடைய ஒலி திரும்பி வரக் கால் வினாடி. மொத்தம் அரை வினாடி. அதற்குள் அடுத்தவரின் முறை வந்துவிடும். தூரத்து மாணவர் தவறே செய்யவில்லை. ஆனாலும் அவருடைய ஒலி இன்னொருவரின் முறையில் வந்து மோதுகிறது.

தீர்வு என்ன? தூரத்தில் இருப்பவர் அரை வினாடி முன்னதாகவே அடிக்க வேண்டும். ஜிஎஸ்எம் கோபுரம் ஒவ்வொரு போனுக்கும் ‘நீ இவ்வளவு முந்தி அனுப்பு’ என்று கட்டளை தருகிறது. அதற்கு 0 முதல் 63 வரை 64 படிகள். ஒரு படி ஏறத்தாழ 550 மீட்டர் தூரத்துக்கு ஈடாகும். பெருக்கினால் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வரும். சாதாரண ஜிஎஸ்எம் கோபுரம் அதற்கு அப்பால் இருக்கும் போனுக்குச் சேவை தர முடியாது, சிக்னல் எவ்வளவு வலுவாகக் கிடைத்தாலும். வலிமை இருந்தும் நேரம் பொருந்தாததால் பேச முடியாமல் போகும் இடம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது என்பதை இங்கே அழுத்திச் சொல்லுங்கள்.

மேலூரில் நடந்தது

காலப் பங்கீடு கிராமத்துக்கு வந்த கதை நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1990-களில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான குழு, மிடாஸ், அனலாக் டிவைசஸ் நிறுவனங்களுடன் சேர்ந்து ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லா அமைப்பை உருவாக்கியது. ஊர் ஊராகக் கம்பி இழுக்கும் செலவைத் தவிர்த்து, தொலைபேசியையும் இணையத்தையும் ஒன்றாகக் கொடுப்பது அதன் நோக்கம்.

அதில் ஒரு சுற்று 10 மில்லி வினாடி. அதற்குள் 24 துண்டுகள்: 12 இறங்குபாதைக்கு, 12 ஏறுபாதைக்கு. ஆக ஒரு தள நிலையத்தில் ஒரே நேரத்தில் 12 பேர் பேசலாம். இடையில் மறைப்பு இல்லாவிட்டால் 10 கிலோமீட்டர் வரை எட்டும். நடுவே ஒரு மறு ஒலிபரப்பு நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர். சிக்னல் வலிமைக்காக உயரமான கோபுரமும் வீட்டுக் கூரையில் கோபுரத்தை நோக்கிய ஆண்டெனாவும் வைத்தார்கள். முறைக்காகத் துண்டுகளை எண்ணி, எத்தனை இணைப்பு தரலாம் என்று கணக்கிட்டார்கள். இரண்டையும் தனித்தனியாகத் திட்டமிட வேண்டியிருந்தது.

2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் பகுதிக் கிராமங்களில் இந்த அமைப்பைக் கொண்டு இணைய மையங்கள் திறக்கப்பட்டன. வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகம். இன்றைய அளவில் மிகக் குறைவு. அந்த வேகத்திலேயே கிராமத்தவரின் கண்களைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெற்றார்கள். ஒரு படம் போய்ச் சேரச் சற்று நேரம் ஆகும். ஆனால் உறுதியாக ஒரு முறை கிடைத்தால், வேகம் குறைந்த பாதையும் வேலை செய்யும்.

மாணவியின் கணக்கு

இப்போது பழைய கேள்விக்கு வருவோம். நான்கு கோடு இருந்தும் போட்டோ ஏன் போகவில்லை? வகுப்பில் இதை ஒரு கணக்காகவே கொடுக்கிறேன். எண்கள் எளிமைக்காக நாம் வைத்துக்கொள்பவை.

ஒரு கோபுரம் ஏறுபாதையில் வினாடிக்கு மொத்தம் 10 மெகாபிட் வாங்கும் என்று கொள்வோம். அதிகாலை மூன்று மணிக்கு இரண்டு பேர் மட்டும் அனுப்புகிறார்கள். ஆளுக்கு 5 மெகாபிட். இரவு ஏழரை மணிக்கு 200 பேர் அனுப்புகிறார்கள். ஆளுக்கு 0.05 மெகாபிட். ஒரு போட்டோவின் அளவு 2 மெகாபைட், அதாவது 16 மெகாபிட். அதிகாலையில் அது போக மூன்று வினாடிக்குச் சற்று அதிகம். மாலையில் 320 வினாடி. ஐந்து நிமிடத்துக்கும் மேல். ஆறு பக்க விடைத்தாள் என்றால் அரை மணி நேரத்துக்கும் மேல். இடையில் ஒருமுறை இணைப்பு அறுந்தால் நின்றுபோகும். மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும். கோபுரத்திலிருந்து வெளியே செல்லும் பாதையும் நெருக்கடியாக இருந்தால் இன்னும் தாமதம்.

இந்தக் கணக்கு முழுவதிலும் சிக்னல் வலிமை ஓரிடத்திலும் மாறவில்லை. முறைக்காகக் காத்திருப்பவர்களின் எண்ணிக்கை மட்டும்தான் மாறியது. நான் ‘எட்டு மணிக்குள்’ என்று விதி வைத்தேன். மற்ற ஆசிரியர்களும் அதே நேரத்தை வைத்திருந்தார்கள். ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் ஒரே மடையில் நிறுத்தியதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

அடிவாரத்து ஊருக்கு வந்த பிறகு இதன் மறுபக்கத்தையும் பார்த்தேன். இங்கே என் அறையில் மைனஸ் 105. ஒரு கோடுதான் தெரியும். இரவு பத்து மணிக்கு மேல் மெதுவாகத்தான் போகும், ஆனால் போய்விடும். பகிர்ந்துகொள்ள ஆள் குறைவு. சிக்னல் பலவீனமானால் கோபுரமும் போனும் ஒரு துண்டில் குறைவான பிட்டுகளையே வைத்து, பிழையில்லாமல் நிதானமாக அனுப்புகின்றன. வலிமை, ஒரு முறையில் எவ்வளவு ஏற்றலாம் என்பதை முடிவு செய்கிறது. பங்கீடு, எத்தனை முறை கிடைக்கும் என்பதை முடிவு செய்கிறது. நமக்குக் கிடைக்கும் வேகம் இரண்டின் பெருக்கற்பலன். ஒன்று சுழியத்தை நெருங்கினால் இன்னொன்று எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

மதிப்பீட்டுக்குச் சில கேள்விகள்

1. மைனஸ் 90 டிபிஎம், மைனஸ் 96 டிபிஎம் இரண்டில் எது வலுவானது? எத்தனை மடங்கு?
2. திருவிழாக் கூட்டத்தில் கோபுரத்தின் அடியிலேயே நின்றும் போன் பேச முடியவில்லை. காரணம் வலிமையா, முறையா? எப்படிக் கண்டுபிடிப்பாய்?
3. 24 துண்டுகள் கொண்ட 10 மில்லி வினாடிச் சுற்றில் ஒரு துண்டின் நேரம் எவ்வளவு?
4. வீட்டில் பெற்றோரின் போனில் காலை, மாலை, இரவு மூன்று நேரமும் சிக்னல் எண்ணையும், ஒரே போட்டோவை அனுப்ப ஆகும் நேரத்தையும் குறித்து வா. இரண்டும் சேர்ந்தே மாறுகின்றனவா?

நான்காம் கேள்வியே முக்கியமானது. அது அந்த மாணவி எனக்காகச் செய்து வைத்திருந்த சோதனை. போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளை, இருக்கும் பிள்ளைகளுடன் இணைத்துக் குழுவாகச் செய்யச் சொல்லுங்கள்.

நாம் மாற்றிக்கொள்ளக் கூடியவை

செயலியில் வருகை பதிவதும், தரவு ஏற்றுவதும், விடைத்தாள் வாங்குவதும் இன்று நம் அன்றாட வேலை. எனவே சில சிறு மாற்றங்கள் நமக்கும் பிள்ளைகளுக்கும் உதவும். எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தைக் கெடுவாக வைக்காமல், வகுப்புக்கு ஒரு நேரமாகப் பிரிக்கலாம். அதுவும் காலப் பங்கீடுதான். போட்டோவுக்குப் பதில் விடையைத் தட்டச்சு செய்து அனுப்பலாம். ஒரு பக்கம் எழுத்து சில கிலோபைட்தான். போட்டோவே வேண்டுமென்றால் அளவைக் குறைத்து எடுக்கச் சொல்லலாம். ‘போகவில்லை’ என்று பிள்ளை சொன்னால் எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்று முதலில் கேட்கலாம்.

அன்று அந்த மாணவியின் வீட்டு வாசலில், அவளுடைய அம்மா எதிரிலேயே, “நீ சொன்னதுதான் சரிம்மா. எனக்குத்தான் தெரியலை” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பள்ளிக்கு வந்தாள். பழைய போட்டோக்களை வரிசையாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் அவளுடைய நோட்டில் திருத்திக் கொடுத்தேன். விடைகள் நன்றாகவே இருந்தன.

கைதட்டல் செயல்பாட்டை நடத்தும்போது இன்னொன்றையும் கவனித்தேன். 64 தட்டலில் எட்டுப் பேருக்கும் சரியாக எட்டு முறை கிடைத்தது. சாதாரண வகுப்பில் என் கேள்விகளுக்கு யார் யார் எத்தனை முறை பதில் சொல்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வைத்தேன். ஐந்தாறு பேருக்கே முறை போய்க்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு என் குரல் நன்றாகவே கேட்டிருக்கும். இப்போது வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறேன், யாருக்கு இன்னும் முறை வரவில்லை என்று தெரிவதற்காக.

இரண்டு செயல்பாடுகளையும் சேர்த்து இரண்டு பாடவேளை போதும். உங்கள் பள்ளியில் ஐந்து இடங்களில் அளந்து பாருங்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் அட்டவணையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் தாமதமாகக் கற்றுக்கொண்டதை உங்கள் மாணவர்கள் அந்த அட்டவணையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.